ஏற்றமிழக்கும் இறக்கை: மலைச் சாரலில் விமானி கற்கும் பாடம்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலை, பாம்பு போல வளைந்து வளைந்து, ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்கிறது. 1929-ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமும் அதனையொத்த பிற தோட்டங்களும் இம்மலையின் சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக மூடியிருக்கின்றன. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய சரிவுகள் இவை. தோட்டத்து மேட்டில் நின்று நோக்குவோர்க்கு இருபுறமும் உயர்ந்த மலைத்தோள்களும், நடுவே குறுகிய பள்ளத்தாக்கும், அப்பால் முகில் தவழும் முகடுகளும் கண்கொள்ளாக் காட்சியாகும். சிறு விமானத்தை ஓட்டிவரும் விமானிக்கோ அதே காட்சி ஒரு கேள்வியை எழுப்பும்: “இப்பள்ளத்தாக்கினுள் நுழைந்தால், திரும்பிவர இடம் உண்டா?”

இக்கேள்வி வெறுங்கற்பனை அன்று. 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம் நிலவியபோது, பகாங், பேராக், கிளந்தான் மாநிலங்களின் மலைக்காடுகளில் அரசாங்கம் சிறு காவற்கோட்டைகளை நிறுவியது. கேமரன் மலை வட்டாரத்துத் தெலானோக் அவற்றுள் ஒன்று. சாலை செல்லாத அவ்விடங்களுக்கு ஆட்களும் உணவும் மருந்தும் வான்வழியே சென்றன. 1954 முதல் ‘பயனீர்’ என்னும் சிறு விமானங்கள் இப்பணியில் ஈடுபட்டன. காட்டைத் திருத்திச் சமன்செய்த குறுகிய தரையில் அவை இறங்கி எழுந்தன. அவற்றை ஓட்டியவர்கள் நாள்தோறும் எதிர்கொண்ட பகை ஒன்று உண்டு. அது மலையன்று, மழையன்று, இறக்கையின் மேல் ஓடும் காற்று திடீரென இறக்கையை விட்டு விலகிப்போதலே அப்பகை. விமானிகள் இதனை ‘ஸ்டால்’ என்பர். தமிழில் ‘ஏற்றமிழப்பு’ எனலாம்.

எஞ்சின் நின்றுபோதல் அன்று

‘ஸ்டால்’ என்றவுடன் மோட்டார் வண்டி ஓட்டுவோர் எஞ்சின் நின்றுபோவதாகவே எண்ணுவர். ஏற்றத்தில் லாரியின் எஞ்சின் திணறி அடங்கிவிட்டால் அவர்கள் அச்சொல்லையே வழங்குவர். விமானத்தில் அதன் பொருள் வேறு. எஞ்சின் முழு வலிமையோடு முழங்கிக்கொண்டிருக்கும்போதே இறக்கை ஏற்றமிழக்கலாம். எஞ்சினே இல்லாத மிதவை விமானமும் ஏற்றமிழப்பினால் வீழ்வதுண்டு. மனிதன் பறக்கத் தொடங்கிய காலத்தில் முன்னோடியாக விளங்கிய ஜெர்மானியர் ஒட்டோ லிலியென்டால், 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் தம் மிதவைக் கருவி காற்றில் ஏற்றமிழந்து வீழ்ந்ததால் படுகாயமுற்று மறுநாள் உயிர் துறந்தார். பறத்தற்கலை அன்று கொடுத்த விலையை இன்றும் அவ்வப்போது கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஏற்றமிழப்பு யாது என்பதை அறிய, இறக்கை விமானத்தை எவ்வாறு தாங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். விமானம் முன்னே விரையும்போது காற்று இறக்கையின் முன்விளிம்பில் இரண்டாகப் பிரிந்து, மேலும் கீழுமாக ஓடி, பின்விளிம்பிலிருந்து சற்றுக் கீழ்நோக்கி வெளியேறுகிறது. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மேற்பரப்பில் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைவாகவும், கீழ்ப்பரப்பில் அழுத்தம் மிகுதியாகவும் இருக்கும். இவ்வேறுபாடே ஏற்றவிசை.

எதிர்வரும் காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள சாய்வைத் ‘தாக்குகோணம்’ என்பர். இக்கோணம் கூடக்கூட ஏற்றவிசையும் கூடும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. மலையோடையில் நீர் ஒரு வழுவழுப்பான பாறையின் மேல் ஓடுவதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். பாறையின் முதுகு மெல்ல வளைந்திருக்கும் வரை நீர் அதனைத் தழுவியே ஓடும். வளைவு செங்குத்தாகிவிட்டால், நீர் பாறையைத் தழுவ மாட்டாமல் பிய்ந்து விலகும். பாறைக்குப் பின்னே சுழிகளும் நுரையும் தோன்றும். காற்றும் அத்தகையதே. பெரும்பாலான சிறு விமானங்களின் இறக்கைகளில் தாக்குகோணம் ஏறத்தாழ 15 முதல் 18 பாகை வரை ஆனவுடன், மேற்பரப்பில் ஓடும் காற்று தழுவுதலை விட்டுக் கலைந்துவிடுகிறது. ஏற்றவிசை சடுதியில் குறைகிறது, பின்னோக்கி இழுக்கும் விசை பெருகுகிறது, விமானம் தாழ்கிறது. இதுவே ஏற்றமிழப்பு.

இங்கு ஒன்றை உறுதியாக மனத்தில் இருத்த வேண்டும். ஏற்றமிழப்பு நிகழ்வது ஒரு குறிப்பிட்ட கோணத்தில். குறிப்பிட்ட வேகத்தில் அன்று. வேகம் குறைந்தால் ஏன் ஆபத்து என்றால், குறைந்த வேகத்தில் அதே எடையைத் தாங்குவதற்கு விமானி மூக்கை உயர்த்திக் கோணத்தைக் கூட்ட வேண்டியிருக்கிறது. மிக்க வேகத்தில் பறக்கும்போதும் கைப்பிடியைச் சட்டென்று பின்னால் இழுத்தால் இறக்கை அக்கோணத்தைக் கடந்துவிடும்; அப்போதும் ஏற்றமிழக்கும். இவ்வுண்மையை மறந்தமையால் நேர்ந்த விபத்துகள் பலவாம்.

திரும்பும்போது கூடும் சுமை

விமானம் திரும்பும்போது ஒருபுறமாகச் சாய்கிறது. அப்போது இறக்கையின் ஏற்றவிசை இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும். ஒரு பங்கு விமானத்தின் எடையைத் தாங்கும். மற்றொரு பங்கு அதனைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பும். எனவே, உயரம் குறையாமல் திரும்ப வேண்டுமானால் இறக்கை அதிகமாக உழைக்க வேண்டும். 30 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்தின் இறக்கை, அதன் எடையைப் போல் 1.15 மடங்கு சுமக்கிறது. 45 பாகையில் 1.41 மடங்கு, 60 பாகையில் இரண்டு மடங்கு. சுமை கூடக்கூட, ஏற்றமிழக்கும் வேகமும் உயர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். நேராகப் பறக்கையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றமிழக்கும் சிறு விமானம், 30 பாகை சாய்ந்து திரும்புகையில் 86 கிலோமீட்டரிலும், 45 பாகையில் 95 கிலோமீட்டரிலும், 60 பாகையில் 113 கிலோமீட்டரிலும் ஏற்றமிழக்கும். நேராகச் செல்லும்போது 100 கிலோமீட்டர் வேகம் போதிய பாதுகாப்பளிப்பது. அதே வேகத்தில், உயரத்தை விட்டுக்கொடாமல் 60 பாகை சாய்ந்து திரும்ப முயன்றால் விமானம் வானத்திலேயே நிலைகுலைந்துவிடும்.

அறிகுறிகள்

நல்ல வேளையாக, ஏற்றமிழப்பு பெரும்பாலும் சொல்லாமல் வருவதில்லை. பயிற்சி பெற்ற விமானி அதன் வரவைக் கண்ணாலும் காதாலும் கையாலும் உடலாலும் உணர்கிறான்.

முதலாவது, மூக்கின் நிலை. எஞ்சினின் விசை குறைந்திருக்க மூக்கு மட்டும் தொடுவானத்திற்கு மேலே உயர்ந்திருப்பது நல்ல குறியன்று. இரண்டாவது, ஒலி. வேகம் குறைகையில் விமானத்தின் உடலைத் தழுவி ஓடும் காற்றின் இரைச்சல் தணிகிறது. மூன்றாவது, கையுணர்வு. வேகத்தோடு செல்லும்போது கைப்பிடி இறுக்கமாக இருக்கும். சிறிது அசைத்தாலும் விமானம் உடனே இணங்கும். ஏற்றமிழப்பு நெருங்கும்போது கைப்பிடி தளர்ந்துபோகும். பெரிதாக அசைத்தாலும் விமானம் சோம்பலோடு இணங்கும். நான்காவது, நடுக்கம். இறக்கையிலிருந்து பிரிந்த காற்றின் சுழிகள் வால்பகுதியில் மோதுவதால், கல் பரப்பிய சாலையில் ஓடும் வண்டி போல விமானம் அதிரும். இந்த நடுக்கம் இறுதி எச்சரிக்கை.

இவற்றோடு கருவியும் துணை செய்கிறது. இறக்கையின் முன்விளிம்பில் காற்று இரண்டாகப் பிரியும் இடம் எப்போதும் ஒரே புள்ளியன்று. தாக்குகோணம் கூடும்போது அப்புள்ளி கீழ்நோக்கி நகர்கிறது. அவ்விடத்தில் ஒரு சிறு தகட்டைப் பொருத்தினால், சாதாரண நிலையில் காற்று அதனைக் கீழே அழுத்தியிருக்கும். கோணம் எல்லையை நெருங்கியதும் காற்று அதனை மேலே தூக்கிவிடும். உடனே மின்சுற்று இணைந்து ஊதல் ஒலிக்கும். அமெரிக்கரான லியோனர்ட் கிரீன் 1940-களில் இத்தகைய எச்சரிக்கைக் கருவியை உருவாக்கிப் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார். சிறு விமானங்களில் ஏற்றமிழக்கும் வேகத்திற்குச் சற்று முன்பாகவே, மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் எஞ்சியிருக்கும்போதே, ஊதல் ஒலிக்கும்படி அமைப்பர். பெரிய விமானங்கள் பலவற்றில் கைப்பிடியே விமானியின் கையில் கடகடவென்று அதிரும்.

இயற்கைக்கு மாறான மருத்துவம்

அறிகுறி தோன்றியதும் செய்ய வேண்டியது யாது? விமானம் தாழ்கிறதே என்று மூக்கை மேலே தூக்க வேண்டுமென்றே மனம் விரும்பும். அதுதான் செய்யத் தகாதது. மூக்கைத் தூக்கினால் கோணம் மேலும் கூடும். காற்று மேலும் விலகும். கைப்பிடியை முன்னே தள்ளி மூக்கைத் தாழ்த்துவதே மருந்து. கோணம் குறைந்தவுடன் காற்று மீண்டும் இறக்கையைத் தழுவும்; ஏற்றவிசை திரும்பும். பின்னர் எஞ்சினின் விசையைக் கூட்டி, இறக்கைகளைச் சமநிலைக்குக் கொணர்ந்து, வேகம் பெற்றபின் மெல்ல மேலேற வேண்டும். விழுகின்ற விமானத்தைக் காப்பாற்ற அதனை இன்னும் சற்று விழவிட வேண்டும் என்பது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் உண்மை அதுவே.

ஒரு பக்கத்து இறக்கை முதலில் ஏற்றமிழந்து தாழ்ந்தால் இன்னுமோர் இடர் உண்டு. இறக்கை நுனியில் உள்ள அசையும் பலகையைக் கொண்டு அதனை உயர்த்த முயன்றால், அப்பக்கத்தின் கோணம் கூடி, அவ்விறக்கை மேலும் ஆழமாக ஏற்றமிழக்கும். விமானம் பம்பரம்போல் சுழன்று வீழத் தொடங்கும். ஆதலின் முதலில் மூக்கைத் தாழ்த்துதல், வால்சுக்கானால் விமானம் ஒருபுறம் திரும்பாமல் தடுத்தல் என்ற வரிசையைப் பயிற்சியாளர் வற்புறுத்துவர். 1912 ஆகஸ்டில் ஆங்கில விமானி வில்பிரட் பார்க், சுழன்று வீழ்ந்த தம் விமானத்தைத் தரைக்குச் சிறிது மேலே சுக்கானை எதிர்ப்புறம் திருப்பி மீட்டார். அதன்பின் அவர் தாம் செய்ததை விவரமாகக் கூறியது, பிறர் கற்பதற்குப் பெரிதும் உதவியது.

மீட்சிக்கு உயரம் வேண்டும் என்பதே இம்மருத்துவத்தின் நிபந்தனை. தொடக்கத்திலேயே உணர்ந்து செயற்பட்டால் சிறு விமானம் நூறு இருநூறு அடி இழந்து மீளும். தாமதித்தால் பல நூறு அடி இழக்கும். பயிற்சிப் பறத்தலில் ஏற்றமிழப்பைத் தரையிலிருந்து ஆயிரக்கணக்கான அடி உயரத்தில் வேண்டுமென்றே உண்டாக்கிப் பழக்குவது இதற்காகவே. கேமரன் மலைப் பள்ளத்தாக்கில் தேயிலைச் செடிகளுக்கு இருநூறு அடி மேலே பறக்கும் விமானிக்கோ, மருந்து கையிலிருந்தும் அதனை உட்கொள்ள நேரமில்லை.

மலை செய்யும் மயக்கம்

சமவெளியில் எளிதில் தென்படும் அறிகுறிகளை மலை மறைத்துவிடுகிறது. முதலில், தொடுவானம். சமநிலத்தில் மூக்கின் நிலையை அளக்கத் தொடுவானம் துணை நிற்கும். பள்ளத்தாக்கினுள் தொடுவானம் தெரியாது. எதிரே ஏறிச் செல்லும் தேயிலைச் சரிவே தெரியும். அச்சரிவையே அடையாளமாகக் கொள்ளும் விமானி, தான் நேராகச் செல்வதாக எண்ணி, தன்னையறியாமல் மூக்கை உயர்த்திக்கொண்டே போவான்.

இரண்டாவது, காற்றின் அடர்த்தி. போ தோட்டத்தைச் சூழ்ந்த பகுதிகள் ஏறத்தாழ 5,000 அடி உயரத்தில் உள்ளன. பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டரையும் தாண்டுகிறது. அவ்வுயரத்தில் காற்று மென்மையாகிவிடுகிறது. வெப்பமண்டலத்தின் இளஞ்சூடு அதனை இன்னும் மென்மையாக்குகிறது. வேகமானி காட்டும் ஏற்றமிழப்பு வேகத்தில் மாற்றமில்லை. ஆனால் வேகமானி ஒரே எண்ணைக் காட்டும்போது, விமானம் உண்மையில் கடற்கரையில் செல்வதைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு விரைவாகச் செல்கிறது. திரும்புவதற்கு வேண்டிய இடமோ நூற்றுக்கு இருபது பங்கு பெருகுகிறது. காற்றை அழுத்தி ஊட்டும் கருவி இல்லாத எஞ்சினின் வலிமையும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. ஏற வேண்டிய இடத்தில் ஏறும் ஆற்றல் குன்றுகிறது; திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பும் வட்டம் விரிகிறது.

மூன்றாவது, பின்காற்று. காற்று முதுகில் வீசும்போது கீழே மரங்கள் விரைந்தோடும். அதைக் கண்டு வேகம் மிகுதியென்று கருதி எஞ்சினைத் தணிப்பவன் ஏமாறுவான். இறக்கைக்கு வேண்டியது தரையைச் சார்ந்த வேகமன்று; காற்றைச் சார்ந்த வேகமே. மலைமுகட்டைத் தாண்டி வீசும் காற்று மறுபுறச் சரிவில் கீழ்நோக்கி இறங்குவதும் உண்டு. அவ்விறக்கக் காற்றில் அகப்பட்ட விமானம், மூக்கு மேல்நோக்கி இருந்தும் தாழ்ந்துகொண்டே போகும்.

இவை யாவும் ஒன்றுகூடும்போது விபத்து எவ்வாறு நேர்கிறது என்பதை எண்ணிப் பார்க்கலாம். ஒரு சிறு விமானம் பள்ளத்தாக்கின் கீழ்வாயில் நுழைந்து மேல்நோக்கிப் பறக்கிறது. பள்ளத்தாக்கின் தரை மெல்ல உயர்கிறது; விமானமும் ஏறுகிறது. சிறிது தூரத்தில் விமானம் ஏறுவதைவிடத் தரை விரைவாக ஏறுகிறது. விமானி கைப்பிடியை இன்னும் சற்று இழுக்கிறான், வேகம் குறைகிறது. முன்னே முகடு முகிலில் மறைந்திருக்கிறது. இனித் தாண்ட முடியாது என்று உணர்ந்து திரும்ப முற்படுகிறான். அதற்குள் பள்ளத்தாக்கு குறுகிவிட்டது. சரிவு நெருங்குவதைக் கண்டு இன்னும் சாய்க்கிறான், இன்னும் இழுக்கிறான். சாய்வினால் ஏற்றமிழக்கும் வேகம் உயர்கிறது; இழுப்பினால் இருக்கும் வேகம் குறைகிறது. இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கும் கணத்தில் விமானம் வீழ்கிறது. அக்கணத்தில் விமானி செய்யக்கூடியது மிகச் சிறிதே. தவறு நிகழ்ந்தது அப்போதன்று. பள்ளத்தாக்கின் வாயிலில் நுழைந்தபோதே நிகழ்ந்துவிட்டது.

பயனீரும் பிளவுள்ள இறக்கையும்

அப்படியானால் பயனீர் விமானங்கள் அம்மலைகளிடையே எவ்வாறு பணிபுரிந்தன? அதன் விடை இறக்கையின் அமைப்பில் இருக்கிறது. 520 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினும், விமானி நீங்கலாக நால்வர்க்கு இடமும் உடைய இவ்விமானத்தின் முன்விளிம்பு முழுவதும் ஒரு சிறு துணையிறக்கை பொருத்தப்பட்டிருந்தது. அது முன்னே நகர்ந்தால் அதற்கும் பெரிய இறக்கைக்கும் இடையே ஒரு பிளவு உண்டாகும். அப்பிளவின் வழியே கீழிருந்து பாயும் காற்று, மேற்பரப்பில் சோர்ந்து விலகப்பார்க்கும் காற்றுக்குப் புத்துயிர் ஊட்டித் தழுவி ஓடச் செய்யும். பின்விளிம்பில் அகன்ற மடல்கள் இறங்கி இறக்கையின் பரப்பையும் வளைவையும் கூட்டும். இவற்றின் துணையால், தாழ்ந்த நிலத்தில் 100 மீட்டருக்கும் குறைவான ஓட்டத்திலேயே அவ்விமானம் எழவும் நிற்கவும் வல்லதாயிற்று.

இப்பிளவு தோன்றிய வரலாறும் ஒரு விபத்தையே மூலமாகக் கொண்டது. முதல் உலகப் போரின்போது 1917-இல் ஜெர்மானிய இளைஞர் குஸ்தாவ் லக்மன், விமானப் பயிற்சியில் ஏற்றமிழந்து வீழ்ந்து காயமுற்றார். மருத்துவமனையில் கிடந்தபோது, இறக்கை ஏன் தன்னைக் கைவிட்டது என்று சிந்தித்துப் பிளவுள்ள இறக்கையின் கருத்தை உருவாக்கினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் பிரெடரிக் ஹாண்ட்லி பேஜ் தனியே அதே முடிவுக்கு வந்தார். இருவரும் வழக்காடிப் பொழுதைக் கழிக்கவில்லை. பிற்காலத்தில் லக்மன் ஹாண்ட்லி பேஜின் நிறுவனத்திலேயே பணியாற்றினார்.

ஆயினும் பிளவு ஏற்றமிழப்பை ஒழித்துவிடவில்லை, தள்ளிப்போட்டது. எல்லைக் கோணம் உயர்ந்தது. எல்லை இல்லாமற் போகவில்லை. எந்த இறக்கைக்கும் ஒரு கோணம் உண்டு. அதற்கு அப்பால் அது இறக்கையன்று, வெறும் பலகையே.

கருவி மிகுந்தும் கை மாறவில்லை

இன்றைய பெரிய விமானங்களில் கணிப்பொறி துணை நிற்கிறது. எனினும் கையின் பழைய இயல்பு மாறவில்லை. 2014 டிசம்பர் 28 அன்று சுராபாயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட இந்தோனேசியா ஏர் ஏசியா விமானம் ஜாவாக் கடலில் வீழ்ந்து 162 பேர் மாண்டனர். சுக்கானின் அசைவை மட்டுப்படுத்தும் கருவியில் இருந்த வெடிப்புற்ற பற்றவைப்பு மீண்டும் மீண்டும் எச்சரிக்கை எழுப்பியது. அதனைச் சரிசெய்ய முயன்றபோது தானியங்கி விமானி விலகிக்கொண்டது. விமானம் செங்குத்தாக ஏறி ஏற்றமிழந்தது. தலைமை விமானி ஆங்கிலத்தில் ‘கீழே இழு’ என்று பொருள்படும் சொற்களைத் திரும்பத் திரும்பக் கூறினார் என்று விசாரணை அறிக்கை தெரிவிக்கிறது. மூக்கைக் கீழே கொணர வேண்டுமானால் கைப்பிடியைத் தள்ள வேண்டும். இழுத்தால் மூக்கு மேலே போகும். ‘கீழே’ என்பதும் ‘இழு’ என்பதும் ஒன்றற்கொன்று முரணானவை. துணை விமானியின் கை இழுத்துக்கொண்டே இருந்தது. உயிர்நிலைத் தருணத்தில் சொல்லும் ஒரு கருவியே என்பதையும், தெளிவற்ற சொல் பழுதுற்ற கருவிக்கு நிகர் என்பதையும் இந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

சுமையை ஏற்றும் முறையும் இதில் அடங்கும். 1976 ஜூன் 6 அன்று கோத்தா கினபாலுவில் இறங்கவிருந்த நோமாட் விமானம் வீழ்ந்ததில் சபா முதலமைச்சர் துன் புவாட் ஸ்டீபன்ஸ் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். 2023-இல் வெளியிடப்பட்ட விசாரணை அறிக்கை, சுமை விமானத்தின் பின்பகுதியில் அளவு மீறியிருந்ததைச் சுட்டியது. வால்பாரம் மிகுந்தால் மூக்கு தானே உயர முற்படும். விமானி எவ்வளவு தள்ளினும் தாழ மறுக்கும். ஏற்றமிழப்பிற்குரிய ஒரே மருந்து அங்கே பயனற்றுப் போகிறது. எனவே மூட்டைகளை ஏற்றுபவரும் அரிசியை நிறுப்பவரும் விமானியைப் போலவே பயணிகளின் உயிருக்குப் பொறுப்பாளராவர்.

நுழையுமுன் முடிவு

மலைப்பகுதியில் பறப்போர் கைக்கொள்ளும் விதிகள் சிலவே. அவை அனைத்தும் ஏற்றமிழப்பு தோன்றியபின் மீள்வதற்கல்ல, தோன்றாமற் காப்பதற்கே அமைந்தவை. வேண்டிய உயரத்தைப் பள்ளத்தாக்கினுள் தேடாமல், வெளியே திறந்த இடத்திலேயே ஏறிப் பெற வேண்டும். இயன்றால் பள்ளத்தாக்கை உயர்ந்த முனையிலிருந்து தாழ்ந்த முனை நோக்கிக் கடக்க வேண்டும். தரை தாழ்ந்துகொண்டே போனால் வழி எப்போதும் திறந்திருக்கும். பள்ளத்தாக்கின் நடுவே பறத்தலாகாது. ஒரு பக்கச் சரிவை ஒட்டிப் பறந்தால், திரும்புவதற்கு முழு அகலமும் கிடைக்கும். முகட்டை நேராகத் தாக்காமல் சாய்வாக அணுகினால், கடக்க முடியாதபோது சிறிது திரும்பினாலே வெளியேறிவிடலாம்.

திரும்பும் வட்டத்தின் கணக்கையும் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் 30 பாகை சாய்ந்து திரும்பும் விமானத்திற்கு ஏறத்தாழ 880 மீட்டர் அகலம் வேண்டும். வேகத்தை 130 கிலோமீட்டராகக் குறைத்தால் அதே சாய்வில் 460 மீட்டர் போதும். ஆகவே மடல்களை ஓரளவு இறக்கி, அளவோடு வேகத்தைத் தணித்து, முன்கூட்டியே திரும்புவோன் பிழைக்கிறான். கடைசி நொடியில் அவசரமாகச் சாய்ப்பவன் அல்லலுறுகிறான். காலை வேளையைத் தேர்ந்துகொள்வதும் இவ்விதிகளுள் ஒன்று. பிற்பகலில் முகில் திரண்டு முகடுகளை மூடுவதும், காற்று குமுறுவதும் இம்மலையில் வழக்கமே.

ஏற்றமிழப்பைப் பற்றிய அறிவு இரண்டு பகுதிகளை உடையது. ஒன்று கைக்குரியது: அறிகுறி கண்டவுடன் அச்சத்தை அடக்கி மூக்கைத் தாழ்த்தும் பழக்கம். மற்றது கருத்துக்குரியது: மூக்கைத் தாழ்த்த இடமில்லாத வழியில் நுழையாத விவேகம். முன்னதைப் பயிற்சியால் சில நாட்களில் பெறலாம். பின்னதை ஒவ்வொரு பயணத்திலும் புதிதாகப் பெற வேண்டும். அரிசியும் மருந்தும் எதிர்பார்த்து மலைக்கோட்டையில் சிலர் காத்திருந்த போதும், முகில் கண்டு வாயிலிலேயே திரும்பிச் செல்லும் விமானியைக் கோழை என்று கருதலாகாது. அவன் மறுநாள் காலையில் அந்த மருந்தோடு வருவான்.